கடலூர் வஞ்சிரமும் புதுச்சேரி வஞ்சிரமும்: மூளையின் ‘செயல்சார் இணைப்பு’ என்றால் என்ன?

சித்தப்பாவிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி அனுப்புவது அவர் தொழில். தினமும் காலையில் நோட்டின் இடப்பக்கம் கடலூரில் வஞ்சிரம் என்ன விலை போனது என்று எழுதுவார். வலப்பக்கம், புதுச்சேரி தேங்காய்த்திட்டுக்குப் போன் போட்டுக் கேட்ட விலை. வருஷக்கணக்காக இப்படியே இரண்டு பத்திகள்.

போன மாதம் தலைசுற்றல் என்று அவருக்குப் புதுச்சேரியில் எம்ஆர்ஐ எடுத்தோம். வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னதிலேயே பாதி ஆளாகிவிட்டார். ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. திரும்பி வருகையில் பஸ் தவளக்குப்பம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: “ஏம்ப்பா, உள்ள படுத்துக்கிட்டு ஐஸ்காரன் பாக்கியத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அதுவும் அந்தப் படத்துல உழுந்திருக்குமா?”

விழுந்திருக்காது. அவருக்கு எடுத்தது மூளையின் அமைப்பைக் காட்டும் படம். வீட்டின் சுவர் எங்கே, அறை எங்கே, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ஆனால் அதே குழாய், அதே காந்தம், அதே தகர டப்பாவில் தட்டுகிற சத்தம் இவற்றை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் எந்த அறையில் எப்போது ஆள் நடமாட்டம் என்று பார்க்கவும் முடியும். அதற்குப் பெயர் எஃப்எம்ஆர்ஐ. முதலில் வரும் ‘எஃப்’ என்ற எழுத்து ‘செயல்சார்’ என்பதைக் குறிக்கிறது. இது ஒற்றைப் படம் அல்ல, சினிமா. 2 விநாடிக்கு ஒரு தடவை மூளை முழுவதையும் எடுத்தால் 8 நிமிடத்தில் 240 படங்கள். அப்போதும் ஐஸ் பாக்கி தெரியாது. வேறொன்று தெரியும். அதைச் சொல்லச் சித்தப்பாவின் நோட்டை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால், அந்தக் கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது என்று சொல்லிவிட வேண்டும். பத்திரிகைகளில் ‘மூளையில் இந்த இடம் ஒளிர்ந்தது’ என்று எழுதுகிறார்கள். மூளைக்குள் எதுவும் ஒளிர்வதில்லை. அந்தச் சிவப்பும் மஞ்சளும் கணக்குப் போட்டு முடித்த பிறகு பூசிய வண்ணம்.

படகு தெரியாது, ஐஸ் வண்டி தெரியும்

ஒரு உயரமான இடத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் எங்கே படகு வந்து மீன் இறங்குகிறது என்பது அங்கிருந்து தெரியாது. ஆனால் ஐஸ் வண்டிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்பது தெரியும். மீன் இறங்கிய இடத்துக்குத்தான் ஐஸ் போகும். ஆகவே வண்டியைப் பார்த்துப் படகை ஊகிக்கலாம்.

எஃப்எம்ஆர்ஐ செய்வதும் இந்த ஊகம்தான். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை பேசிக்கொள்வது மின்துடிப்பிலும் வேதிப்பொருளிலும். அந்தப் பேச்சு இந்தக் கருவியின் காதில் நேரடியாக விழுவதில்லை. நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தால், அந்த இடத்துக்குக் கூடுதலாக ரத்தம் வரும். கருவி பார்ப்பது அந்த ரத்தத்தை. உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே தின்கிறது. சேமித்து வைக்க அங்கே பெரிய கிடங்கும் கிடையாது. எனவே வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் ரத்தம் வழியாக உடனுக்குடன் வந்தாக வேண்டும்.

இந்த யோசனை பழையது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஆஞ்செலோ மோசோ, ஒரு ஆளைத் தராசுத் தட்டு போன்ற பலகையில் படுக்க வைத்து, அவர் யோசித்தால் தலைப்பக்கம் சாய்கிறதா என்று பார்த்தார். மூளையை எடை போட்டுப் பார்த்த மனிதர்! ஏலத்தில் இருப்பவர்களுக்கு அவரைப் பிடிக்கும். 1890இல் ராயும் ஷெரிங்டனும் மூளை தன் தேவைக்கேற்ப ரத்த ஓட்டத்தை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார்கள்.

காந்தம் எங்கே வருகிறது? ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும்போது அது காந்தத்தைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு காந்தப் புலத்தைச் சற்றே குலைக்கிறது. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் இதைக் கண்டார்கள். 1990இல் ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் எலிகளை வைத்து, இந்த வேறுபாட்டை எம்ஆர்ஐ படத்திலேயே பார்க்க முடியும் என்று காட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1992இல், மனித மூளையில் செய்து காட்டிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வேலை நடக்கும் இடத்தில் ஆக்சிஜன் செலவாகும், எனவே ஆக்சிஜன் இழந்த ரத்தம் அங்கே கூடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. உடம்பு தேவைக்கு மேலேயே அனுப்பிவிடுகிறது. இருபது பார் ஐஸ் போதும் என்றால் முப்பது அனுப்பும் கம்பெனி மாதிரி. புது ரத்தம் பெருகி, பழைய ரத்தத்தின் விகிதம் குறைகிறது; காந்தக் குலைவு குறைகிறது; சிக்னல் சற்றே உயர்கிறது. சற்றே என்றால், பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்.

இன்னொன்று, ஐஸ் வண்டி உடனே வராது. நரம்பணுக்கள் துடித்த பிறகு ரத்தம் உச்சத்துக்கு வர ஏறத்தாழ 5 விநாடி ஆகும். நரம்பணுவின் துடிப்போ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேர வேலை. மேலும் கருவி ஒவ்வொரு நரம்பணுவாகப் பார்ப்பதில்லை. மூளையைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக, வாக்ஸல்களாக, வெட்டிப் பார்க்கிறது. 3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு வாக்ஸலுக்குள், பெருமூளையின் மேலடுக்கான புறணியாக இருந்தால், பல லட்சம் நரம்பணுக்கள் அடங்கும். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஐஸ் வண்டி.

விநாடியின் சிறு துளி முக்கியம் என்றால் இஇஜி வேண்டும். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையில் மின்முனை வைத்து முதன்முதலில் பதிவு செய்த முறை அது. நேரம் துல்லியமாகத் தெரியும், இடம் மங்கல். எஃப்எம்ஆர்ஐயில் இடம் தெளிவு, நேரம் மங்கல்.

இப்போது நோட்டைத் திறக்கலாம்

சும்மா ஒரு கணக்குக்கு, ஐந்து நாள் விலையை எடுத்துக்கொள்வோம். கடலூரில் கிலோ வஞ்சிரம் 700, 800, 750, 900, 850 ரூபாய். அதே நாட்களில் புதுச்சேரியில் 760, 850, 820, 950, 910. புதுச்சேரியில் எப்போதும் கூடுதல்தான். ஆனால் நமக்கு வேண்டியது எது கூடுதல் என்பதல்ல. இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது.

கடலூரின் சராசரி 800. அதிலிருந்து ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகல்? −100, 0, −50, +100, +50. புதுச்சேரியின் சராசரி 858. அங்கே விலகல் −98, −8, −38, +92, +52. பார்த்தாலே தெரிகிறது: இங்கே இறங்கிய நாளில் அங்கேயும் இறக்கம், இங்கே ஏறினால் அங்கேயும் ஏற்றம். இந்த ஒற்றுமையை ஒரே எண்ணாகச் சுருக்கும் கணக்குக்குப் பள்ளிப் புள்ளியியலில் ஒட்டுறவுக் கெழு என்று பெயர். அச்சு அசலாகச் சேர்ந்தே நடந்தால் 1. சம்பந்தமே இல்லையென்றால் 0. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் கழித்தல் பக்கம் போகும். புரட்டாசியில் மீன் விலை விழுந்து காய்கறி விலை ஏறுமே, அது போல. நம் ஐந்து நாள் கணக்குக்கு விடை 0.99க்கும் மேல்.

அவ்வளவுதான் விஷயம். வஞ்சிரம் விலைக்குப் பதில் மூளையின் இரண்டு இடங்களின் சிக்னலைப் போடுங்கள். ஐந்து நாளுக்குப் பதில் 240 படங்கள். கிடைக்கும் எண்ணே அந்த இரண்டு இடங்களுக்கிடையிலான செயல்சார் இணைப்பு. பெயர்தான் பெரிது.

இடங்கள் இரண்டோடு நிற்பதில்லை. மூளைப் புறணியை 360 பகுதிகளாகப் பிரித்து 2016இல் வெளியான வரைபடம் ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. 360 பகுதிகளில் இரண்டிரண்டாகச் சோடி சேர்த்தால் 64,620 சோடிகள். எல்லாவற்றையும் ஒரு கட்டத்தில் எழுதினால், கண்டக்டர் கையில் இருக்கும் கட்டண அட்டவணை மாதிரி இருக்கும்: மேலே கடலூர், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், பக்கவாட்டில் அதே பெயர்கள், சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் நீலமும் சிவப்புமான சதுரப் படம் இந்த அட்டவணைதான்.

சும்மா இருக்கும்போது

ஆரம்பத்தில் எல்லோரும் ஆளைக் குழாய்க்குள் படுக்க வைத்து வேலை கொடுத்தார்கள். விரலைத் தட்டு, படத்தைப் பார், கூட்டல் போடு. வேலை இல்லாத நேரத்துச் சிக்னலை ‘இரைச்சல்’ என்று தள்ளினார்கள்.

1995இல், விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வாலும் உடனிருந்தவர்களும் அந்த இரைச்சலை உற்றுப் பார்த்தார்கள். முதலில் விரலைத் தட்டச் சொல்லி, கையை அசைக்கும் மூளைப் பகுதி எது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு, ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தபோது எடுத்த பதிவில் அந்தப் பகுதியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தார்கள். கை அசையவே இல்லை. ஆனால் இடப்பக்கக் கைப்பகுதியும் வலப்பக்கக் கைப்பகுதியும் சேர்ந்து மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கடை அடைத்த பிறகும் இரண்டு ஊர் வியாபாரிகள் ஒரே தாளத்தில் மூச்சு விடுவது போல. பலர் நம்பவில்லை. இதயத் துடிப்பும் மூச்சும் செய்கிற வேலை என்றார்கள். அந்தச் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை, பின்னால் வருகிறேன்.

2001இல் மார்கஸ் ரெய்க்கிலின் குழு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வேலை கொடுத்தால் கூடுவதற்குப் பதிலாக அடங்கிப்போகும் சில இடங்கள் மூளையில் இருக்கின்றன: நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் ஒன்று, பின்பக்க நடுவில் ஒன்று, இருபுறக் காதுகளுக்கும் மேலே பின்பக்கமாக இரண்டு. நாம் சும்மா கிடந்து, நேற்று நடந்ததையும் நாளை நடக்கப் போவதையும் அசைபோடும்போது இவை விழித்துக்கொள்கின்றன. இதற்கு இயல்புநிலை வலையமைப்பு என்று பெயர். 2003இல் இந்த இடங்கள் ஓய்வில் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று ஒட்டுறவுக் கணக்கு காட்டியது. ஸ்கேன் குழாய்க்குள் சித்தப்பா ஐஸ்காரன் பாக்கியை நினைத்தபோது அவருக்குள் மும்முரமாக இருந்தது அநேகமாக இந்தக் கூட்டம்தான். எவ்வளவு பாக்கி என்பது மட்டும் எந்தக் கருவிக்கும் தெரியாது.

ஒட்டுறவு ரோடு அல்ல

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான். ‘இணைப்பு’ என்ற சொல் எல்லோரையும் ஏமாற்றும். கேட்டதும் மனசுக்குள் ஒயர் ஓடுகிறது.

கடலூர் விலையும் புதுச்சேரி விலையும் சேர்ந்து ஏறுகின்றன. அதனால் இரண்டு ஊருக்கும் நடுவே ரோடு இருக்கிறது என்று சொல்லலாமா? இங்கே ரோடு இருக்கிறது என்பது வேறு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது இரண்டு ஊரிலும் விலை ஏறும். ரோட்டை வெட்டிப் போட்டாலும் ஏறும். காரணம் மூன்றாவது ஒன்று. செயல்சார் இணைப்பு சொல்வது ‘சேர்ந்து நடக்கின்றன’ என்பதை மட்டும்.

ரோட்டைப் பார்க்க வேறு முறை உண்டு. நரம்பு இழைகளின் நீளவாக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் எளிதாக நகரும். குறுக்கே நகர்வது கஷ்டம். அந்த நகர்வை எம்ஆர்ஐயில் அளந்தால் இழைக்கற்றைகள் ஓடும் திசையை ஊகிக்கலாம். அது கட்டமைப்பு இணைப்பு.

மூளையின் இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்ப்பது ஒரு தடித்த இழைப்பாலம். அதில் சுமார் 20 கோடி இழைகள். கடுமையான வலிப்புக்குச் சிகிச்சையாக இந்தப் பாலத்தை முழுதாக வெட்டிய ஒரு குழந்தைக்கு, வெட்டியபின் இரு பாதிகளுக்கிடையிலான ஒட்டுறவு பெருமளவு மறைந்துவிட்டது. 2008இல் வந்த செய்தி. அப்படியானால் பாலம்தான் எல்லாம் என்று முடிவு கட்டிவிடலாமா? 2011இல் இன்னொரு ஆய்வு. பிறவியிலேயே இந்தப் பாலம் இல்லாத பெரியவர்களைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். இடமும் வலமும் மற்றவர்களைப் போலவே சேர்ந்து நடந்தன! பெரிய பாலம் இல்லாமலே வளர்ந்த மூளை, கீழே வேறு சந்து பொந்துகள் வழியாக ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருக்க வேண்டும். கடலூரில் கெடிலம் ஆற்றுப் பாலம் திடீரென்று போனால் திண்டாட்டம். பாலமே இல்லாத காலத்தில் பிழைத்தவர்களுக்குத் தோணி இருந்தது.

சரி, யார் யாரை இழுக்கிறார்கள்? கடலூர் விலை முதலில் ஏறி, புதுச்சேரி பின்னால் போகிறதா? விலையில் இதைப் பார்த்துவிடலாம். மூளையில் தகராறு. ஐஸ் வண்டி ஒரு தெருவுக்கு 4 விநாடியில் வரும், இன்னொரு தெருவுக்கு 6 விநாடியில் வரும். வண்டி முதலில் வந்த இடத்தில் படகும் முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. கார்ல் ஃபிரிஸ்டன் போன்றவர்கள் 2003 முதல் இதற்கென்று தனிக் கணித மாதிரிகளை வளர்த்திருக்கிறார்கள். அது தொடக்கநிலை வாசகருக்கு வேண்டாம். எனக்கே பாதிதான் புரிகிறது.

செத்த மீனும் ஆடும் தலையும்

மீன்காரர் ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2009இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் ஒரு முழுச் சால்மன் மீனை ஸ்கேன் கருவிக்குள் வைத்தார்கள். செத்த மீன். அதற்கு மனிதர்களின் படங்களைக் காட்டி, ‘இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்?’ என்று முறைப்படி கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், மீனின் மூளையில் சில வாக்ஸல்கள் ‘செயல்பட்டன’!

மீன் யோசிக்கவில்லை. ஆயிரக்கணக்கான வாக்ஸல்களில் ஒவ்வொன்றாகத் தனித்தனிச் சோதனை செய்தால், தற்செயலாகவே சில தேறிவிடும். ஆயிரம் பேர் நாணயம் சுண்டினால் யாராவது ஒருவருக்குப் பத்துத் தடவையும் தலை விழுவதில் ஆச்சரியம் இல்லை. எத்தனை சோதனை செய்தோம் என்பதற்கேற்பக் கணக்கைத் திருத்த வேண்டும். திருத்தியதும் மீன் மறுபடி செத்துப்போனது. 2012இல் இதற்கு, முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. 64,620 சோடிகளை ஒரே நேரத்தில் சோதிக்கிறவர்கள் இந்த மீனை மறக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய தலைவலி தலை அசைவு. குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே பல இடங்களின் சிக்னல் ஒரே நேரத்தில் குதிக்கும். குதித்தவை எல்லாம் ‘சேர்ந்து நடந்தன’ என்று கணக்கு நம்பிவிடும். குறிப்பாகப் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு ஒட்டுறவு பொய்யாகக் கூடும். 2012இல் மூன்று குழுக்கள் இதைத் தனித்தனியாகக் காட்டியபோது துறையே கொஞ்சம் ஆடிப்போனது. ஏனென்றால் குழந்தைகள் பெரியவர்களை விட அதிகம் நெளிவார்கள். ‘குழந்தை மூளையில் கிட்டத்து இணைப்புகள் வலுவானவை, வளர வளரத் தூரத்து இணைப்புகள் வலுக்கின்றன’ என்று அதுவரை எழுதியதில் ஒரு பங்கு, வெறும் நெளிசல்.

மூச்சும் இதயத் துடிப்பும் இதே வகைதான். மூளை முழுவதையும் ஒன்றாகத் தூக்கி இறக்கும். முழு மூளையின் சராசரியைக் கழித்துவிட்டால் போகும் என்கிறது ஒரு கட்சி. அப்படிக் கழித்தால் சில சோடிகள் கணக்கின் கட்டாயத்தாலேயே கழித்தல் பக்கம் போய்விடும், பிறகு ‘இவை இரண்டும் எதிரிகள்’ என்று கதை கட்டுவீர்கள் என்கிறது மறு கட்சி. சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. 

இதனால் யாருக்கு என்ன?

சில இடங்களில் நிஜமாகவே உதவுகிறது. மூளைக் கட்டியை எடுப்பதற்கு முன் பேச்சுக்கும் கையசைவுக்கும் உரிய இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியால் சொன்னதைச் செய்ய முடியாவிட்டால், சும்மா படுத்திருக்கும்போது எடுத்த பதிவை வைத்தே அந்த இடங்களைத் தேட முடிகிறது. 2015இல், 126 பேரின் இணைப்பு அட்டவணைகளைக் கலந்து வைத்துவிட்டு, வேறொரு நாள் எடுத்த ஓய்வுப் பதிவைக் கொண்டு யார் எவர் என்று 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பொருத்தினார்கள். கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆனால் ‘உங்கள் குழந்தையின் மூளை இணைப்பை ஸ்கேன் செய்து படிப்பில் கெட்டியா என்று சொல்கிறோம்’ என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் பர்ஸை உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மன அழுத்தம், மறதி நோய், மனச்சிதைவு என்று பலவற்றில் குழுவுக்குக் குழு வித்தியாசம் கண்டிருக்கிறார்கள். நூறு பேரின் சராசரிக்கும் இன்னொரு நூறு பேரின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் அது. அதை வைத்து ஒரு தனி ஆளைக் காட்டி ‘இவருக்கு இந்த நோய்’ என்று சொல்வது இன்றைய மருத்துவமனை நடைமுறையில் இல்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டுச் சித்தப்பா பரணிலிருந்து ஒரு பழைய நோட்டை இறக்கினார். 2011 டிசம்பர். 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அந்தப் பக்கத்தில் இரண்டு பத்தியும் வெற்று. இடப்பக்கம் கோடு, வலப்பக்கம் கோடு. பொங்கல் நெருங்கும் வரை அப்படியே.

“இது ரெண்டும் சேந்துதானடா நின்னுச்சு. இதுக்கு என்ன நம்பர் போடுவ?”

தலை ஆடிய படங்களை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிலிருந்து வெட்டிவிடுவார்கள், அதே மாதிரி அந்த நாட்களை எடுத்துவிட்டு மிச்சத்துக்குத்தான் போட வேண்டும் என்றேன்.

“ஒரு போட்டு, ரெண்டு வலை, மேல் கூரை போச்சு. எடுத்துட்டுப் போடறியாம்” என்று சொல்லிவிட்டு நோட்டைத் திரும்பப் பரணில் வைத்தார்.